நோலீனுக்கு விழுந்த மாத்திரை

பர்னி, டாஸ்மேனியா

அன்புள்ள டாம்சினுக்கு,

எனக்கு இருக்கிற வியாதியை விட்டுவிட்டால் இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த அபர்டீன் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் பேசும்போது நோலீன் சித்தி எப்படி இருக்கிறாள் என்று இரண்டு முறை கேட்டாய், என்னை ஒரு முறைதான் கேட்டாய், அதையும் நான் கவனித்தேன்.

சித்தி நன்றாக இருக்கிறாள், அவளுக்கு என்ன. எங்கள் இருவருக்கும் உன் தாத்தா வழியாக வந்த ஒரே மரபணுக் கோளாறு, ஒரே சினைப்பைப் புற்றுநோய். ஹோபார்ட்டில் புது மாத்திரையைச் சோதிக்கிறார்கள் என்று ஒரே நாளில்தான் பெயர் கொடுத்தோம். யாருக்குப் புதியது, யாருக்குப் பழைய மருந்து என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுமாம். புதியது அவளுக்கு விழுந்தது. சுருட்டை முடி அவளுக்கு, அம்மாவின் பியானோ அவளுக்கு, படகு வைத்திருக்கிற புருஷன் அவளுக்கு, இதுவும் அவளுக்கா என்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினேன். உன் அப்பா, "கம்ப்யூட்டர் மேல கோவப்பட்டு என்னடி பண்றது" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் அவள் வாந்தி எடுத்தபோது அதற்கும் எனக்குப் பொறாமைதான், வாந்தி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்.

போன மாதம் ஸ்கேனுக்காக இருவரும் ஒரே காரில் போனோம். ராஸ் ஊர் பேக்கரியில் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட அப்பம் ஆளுக்கொன்று வாங்கி உட்கார்ந்ததும் சித்தி கைப்பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்து என் தட்டுப் பக்கம் நகர்த்தினாள். "பாதி நீ எடுத்துக்கோக்கா, யாருக்குத் தெரியப்போவுது" என்றாள். நான் மூடியைத் திறந்து ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன் கண்ணு. வாய்வரைக்கும் கொண்டுபோனேன். எங்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் லாகி, அந்த சமோவாப் பெண், முதல் நாளே சொல்லியிருந்தாள்: "நீங்க ரெண்டு பக்கமும் உண்மையா இருந்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு எங்களுக்குத் தெரியும். இல்லாட்டி பின்னாடி வர்ற பொண்ணுங்கள ஏமாத்தின மாதிரி ஆயிடும்." பின்னாடி வருகிறவள் என்றதும் எனக்கு உன் முகம்தான் வந்தது. இவளுக்கும் பாதி மருந்து, எனக்கும் பாதி மருந்து, கணக்கும் பொய். திருப்பிப் போட்டு மூடினேன். ஆனால் நல்ல வார்த்தை வரவில்லை, "உன் மிச்சம் மீதி எனக்கு வேணாம்டி" என்றுதான் வந்தது. அவள் அழுதாள். நானும் அழுதேன், அந்தக் கோபத்திலேயே அவள் அப்பத்தையும் சேர்த்துத் தின்றேன்.

ஸ்கேனில் அவளுக்குக் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. எனக்கு வளரவில்லை, குறையவும் இல்லை. லாகி என்னைக் கட்டிப்பிடித்து, "வளராம நிக்கிறதும் பெரிய விஷயம், கிளெனிஸ்" என்றாள். இருக்கட்டும். நோலீன் பிழைக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டுகிறேன், ஆனால் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, அதை ஏன் உன்னிடம் மறைக்க வேண்டும்.

உனக்கும் அந்த மரபணு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. "பயமா இருக்கும்மா, தெரியாமலே இருந்துடறேன்" என்கிறாய். உன் வயதில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒரு ஊசி ரத்தம் கொடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், வந்திருந்தால் புற்று வருவதற்கு முன்னாலேயே சினைப்பையை வெட்டி எறியக் காலம் இருக்கும். நோலீனுக்குக்கூடக் கிடைக்காத சீட்டு அது, உன் கையில் இருக்கிறது, நீ பிரித்துப் பார்க்க மாட்டேன் என்கிறாய்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ வேண்டும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் வாங்கு, மறக்காதே. உனக்கு அது இல்லை என்று மட்டும் முடிவு வரட்டும், நோலீனை விட்டுவிட்டு உன்மேல் பொறாமைப்படுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா கிளெனிஸ்