முதலில் ஆள் விலகட்டும்

இன்று காலை டிரெய்லரைக் கழுவப் போனபோது ஈரக் கோணியின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. இரண்டு நாளைக்கு முன் நனைத்த கோணிகளைக் காயப்போட மறந்து விஞ்ச்சுக்குப் பக்கத்திலேயே சுருட்டி வைத்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் நன்றாகத் திட்டு வாங்கியிருப்பேன். திட்ட ஆளில்லாமல் அங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ ஐயம்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். சேற்றில் சிக்கிய வண்டிகளை என் டிராக்டரில் பூட்டிய டிரெய்லரில் இருக்கும், இரும்புக் கயிற்றைச் சுருட்டும் விஞ்ச்சால் இழுத்துவிடும் பிழைப்பு எனக்கு. கல்யாணமாகிப் பல வருடம் அந்தப் பக்கம் நீ எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இழு, நிறுத்து என்று எனக்குக் கை காட்டியவர் ஊரைவிட்டுப் போன அந்த ஐப்பசியில்தான், "கை காட்டறதுதானே? நான் வரேன்" என்று டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாய்.

வாலாஜாபாத் பக்கம் பாலாற்றுக் கரையில் ஒரு செங்கல் லாரி அச்சுவரை புதைந்து கிடந்தது. சுற்றி இருபது பேர். லாரிக்காரர் இரும்புக் கயிற்றை ஒட்டியே நின்று எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நான் விஞ்ச்சை ஓட்டத் தொடங்கியதும் நீ கையைத் தூக்கினாய். நிறுத்தினேன்.

"எல்லாரும் தள்ளிப் போங்க. கயிறு எவ்ளோ நீளமோ அதுக்கு மேல தள்ளி நில்லுங்க."

லாரிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாபா, பொம்பள பேச்சைக் கேட்டுக்கினு வேலை செய்யறியா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இப்போது சொல்லிவிடுகிறேன், அன்று நான் அவர் பக்கம்தான் நின்றேன். "விடும்மா, நேரமாவுது" என்றேன். நீ என்னை முறைத்தாய்.

"தறிப் பாவுல இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். இது அறுந்து யார் மேலயாவது பட்டா, அந்த ஆளை முடிச்சுப் போடுவீங்களா?"

செங்கல் மேல் போர்த்தியிருந்த ஈரக் கோணிகளை உருவி வந்து கயிற்றின் மேல் நடுநடுவே போட்டாய். அறுந்தாலும் வீச்சு குறையுமாம். கூட்டம் முணுமுணுத்தபடி விலகியது. கடைசி ஆள் நகரும்வரை நீ தூக்கிய கையை இறக்கவில்லை.

பிறகு இழுத்தேன். லாரி ஒரு சாண் நகர்ந்தது. அடுத்த நொடி வெடி வெடித்த மாதிரி சத்தம். கோணிகள் எகிறின. அறுந்த முனை, லாரிக்காரர் சற்றுமுன் நின்றிருந்த இடத்தில் விழுந்து மணலைக் கிழித்தது. லாரிக்காரருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது: "உங்க கயிறே சரியில்ல."

"கயிறுதான் போச்சு. உங்க காலு இருக்குது இல்ல? நடந்து போங்க" என்றாய்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் கயிற்றில் கம்பிகள் பிரிந்திருந்ததை முந்தின வாரமே பார்த்திருந்தேன். இன்னொரு தடவை தாங்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வேலைக்கு முன்னும் கயிற்றை முழுக்கப் பிரித்து, கையில் துணி சுற்றித் தடவிப் பார்த்தாய். ஒரு கம்பி துருத்தினாலும் வண்டி கிளம்பாது. பதினொரு வருடம் அப்படியே ஓடியது.

ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன்னால் அதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

முந்தாநாள் முசரவாக்கம் ஏரிக்கரையில் அரிசி மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று சரிந்து சிக்கியிருந்தது. போய்ச் சேர்வதற்குள் யாரோ பம்பரில் சங்கிலி கட்டி வைத்திருந்தார்கள். இழுத்தால் பம்பர் பிய்ந்துவரும் என்று அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கொக்கியை அடிச்சட்டத்தில் மாட்டினேன். டிராக்டர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். கயிற்றில் கோணி போட்டேன். "மூட்டையெல்லாம் இறக்குங்க. செல்போன்ல படம் புடிக்கிறவங்க அந்த வேப்பமரத்துக்கு அப்பால போங்க" என்றேன்.

மூட்டைக்காரருக்குக் கோபம். "மழை வந்துக்கினு இருக்குது. நீ இழுப்பா, நான் பார்த்துக்கறேன்."

"இன்னாத்த பார்த்துப்பீங்க? இறக்கினாத்தான் இழுப்பேன்."

"இனிமே இந்தப் பக்கம் உனக்கு எவனும் வேலை குடுக்க மாட்டான்."

"குடுக்க வேணாம்" என்று விஞ்ச்சை அணைத்துவிட்டு டிராக்டர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வெட்கம் துளிகூட வரவில்லை. அரை மணி நேரம் திட்டித் தீர்த்தார்கள். தூறல் விழுந்ததும் அவர்களே மூட்டைகளை இறக்கினார்கள். ஆட்கள் மரத்தைத் தாண்டிப் போன பிறகே இழுத்தேன். லாரி முனகிக்கொண்டே மேலேறியது. யாரும் நன்றி சொல்லவில்லை. எல்லாரும் முழுசாக வீடு போனார்கள்.

நம் மகள் சென்னையிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "டிராக்டரை வித்துட்டு இங்க வந்துடுப்பா" என்கிறாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உன் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை விற்க முடியாது. கை தளர்ந்தால் நானே நிறுத்திக்கொள்வேன். அதுவரை யார் சொல்லியும் நிறுத்த மாட்டேன். ஆள் விலகாமல் யார் சொல்லியும் இழுக்கவும் மாட்டேன்.