ப்ராக்ஸி வந்த பிறகு

செப்டம்பர் 15, திங்கள்
புது ப்ராக்ஸி சர்வர் வைத்தாயிற்று. இனி மதுக்கரை ஃபேக்டரியின் எல்லா கம்ப்யூட்டரும் அது வழியாகத்தான் இணையத்துக்குப் போக வேண்டும். பிரௌசர் போகிறது. மெயில், பில் போடுகிற மென்பொருள், டிசைன்காரர்களுடையது — ஒன்றும் போகவில்லை. ஒவ்வொன்றிலும் சர்வர் முகவரியைத் தனித்தனியாக அடிக்க வேண்டும். காலையிலிருந்து போன்: "ஏனுங்க ஆல்வின், நெட் வரலீங்க." முணுமுணுத்துக்கொண்டேதான் மாடி ஏறி இறங்கினேன். ஆனால் இங்கே சேர்ந்ததிலிருந்து இத்தனை பேரோடு பேசியதில்லை.

செப்டம்பர் 17, புதன்
சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் பங்காரம்மாவின் பில் மென்பொருள் நின்றுவிட்டது. வாசலில் லாரி காத்திருக்கிறது. முகவரியைக் கட்டத்தில் அடித்ததும் பில் வந்தது. அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.
"இதை அழிச்சுப்போட்டா என்னாகுங்க?"
"பில் வராதுங்க. நான் மறுபடி வரோணும்."
"உக்காருங்க கண்ணு. டீ குடிச்சுட்டுப் போலாம்."
அந்த அம்மாவின் மகன் கனடாவில். வீட்டில் அவர் மட்டும்தானாம். என்னை ஒருவர் உட்காரச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று.

செப்டம்பர் 22
வேலை முடிந்தது. எல்லாம் ஓடுகிறது.

செப்டம்பர் 25
போன் அடிக்கவே இல்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. சே, என்ன பிழைப்பு இது — நெட் நின்றால்தான் நான் மனுஷனா? பங்காரம்மாவைப் பார்க்கப் போகலாம். எதுவும் கெடாமல் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால்?

செப்டம்பர் 30
நாளை ஆயுத பூஜை. ஆபீஸில் இன்றே கும்பிட்டார்கள். மானிட்டருக்கெல்லாம் சந்தனப் பொட்டு. நான் உட்காரும் சர்வர் அறைக்கு யாரும் வரவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. ஆல்வின் கிறிஸ்தவன்தானே என்று விட்டிருப்பார்கள். பூஜைப் பொரிக்குக்கூட மதம் உண்டா? காந்திபுரத்தில் இறங்கிப் பரோட்டா தின்றேன். அறைக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 3, வெள்ளி
போன். பங்காரம்மா. "ஏனுங் கண்ணு, பில் வரலீங்க."
ஓடினேன். சர்வரில் ஒரு குறையும் இல்லை. மென்பொருளைத் திறந்தால் முகவரிக் கட்டம் காலி. அது தானாக அழியாது. அந்த கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடுவதும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு பொரிப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.
"பூஜையன்னைக்கே எடுத்து வெச்சனுங்க. நீங்க வரவேயில்லை."
வாசலில் லாரி எதுவும் இல்லை. பொரியைத் தின்று முடித்த பிறகுதான் முகவரியை அடித்தேன்.

அக்டோபர் 6, திங்கள்
எதுவும் கெடவில்லை. டீ நேரத்துக்கு டெஸ்பாட்ச் போனேன்.