அறுபது வயதைப் புள்ளி கொடுத்து வாங்கியவனுக்கு

நேற்று மாலை வெள்ளானூரில் சேகர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் தோழிகளோடு கூடத்தில் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தாள். தரையில் அது ஓடிய சத்தம் கேட்டதும் நானும் சேகரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உன்னைப் பற்றிப் பேசாமலே காபி குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில், உங்கள் வீட்டில், ஞாயிறு மதியங்களில் நாம் மூவரும் ஆடிய ஆட்டம். பெங்களூரில் படித்த என் அண்ணன் கொண்டுவந்த ஜெராக்ஸ் புத்தகத்தில்தான் அதன் விதிகள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு மனிதராகப் பேசி நடக்க வேண்டும். சிக்கலான இடத்தில் பகடை முடிவு சொல்லும். கதை சொல்கிறவன் நான். வாளும் மந்திரமும் இல்லை, நம் காலம், நம் ஊர். யாராகவும் ஆகலாம் என்பதுதான் அதன் அழகு. கையில் இருக்கும் புள்ளிகளுக்குத் திறமைகளை வாங்கலாம். ஒரு குறையை ஏற்றுக்கொண்டால் புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். சேகர், பூட்டுத் திறக்கத் தெரிந்த பஸ் கண்டக்டர் ஆனான். நீ அறுபது வயதுப் பெரியவராக வேண்டும் என்றாய்.

“இன்னா மச்சான், போலீஸ் கீது, பைலட் கீது, நீ போயி பென்ஷன் வாங்குற ஆளு கேக்குற?” என்று சேகர் சிரித்தான்.

விதிப்படி முதுமை ஒரு குறை. உனக்குப் புள்ளி கூட்டப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். “வயசாவறது கொறையாடா? அதை நான் புள்ளி குடுத்து வாங்கிக்கிறேன். எழுதிக்கோ.”

சேகரின் சிரிப்பு நின்றது. சிறுவயதுக் காய்ச்சலில் உன் இதய வால்வு கெட்டுப்போனது எங்களுக்குத் தெரியும். மாடிப்படியில் பாதியில் நீ நிற்கும்போது, ஏதோ பேசுவதற்காக நிற்பதுபோல் நாங்களும் நிற்போம். விதியை மாற்றினேன்.

ஓர் ஆட்டத்தில், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கத்தி காட்டியவனை உன் பெரியவர் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவன் அம்மாவைப் பற்றிப் பேசியே அழவைத்தாரே! இல்லாத வழுக்கையைத் தடவிக்கொண்டே பேசுவாய். சமையலறையில் உன் அம்மா சிரிப்பது கேட்கும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரியில் சொன்னாய்: “நான் வர்ற வரைக்கும் பெரியவர எதுலயும் மாட்டி வுட்றாத.”

நீ வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு நானும் சேகரும் உங்கள் வீட்டுக்குப் போனோம். அம்மா டீயை வைத்துவிட்டு, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்கள். கேட்டார்கள்: “அந்தப் பெரியவரு இப்போ இன்னாப்பா பண்றாரு?”

சேகர் எழுந்து வெளியே போய்விட்டான். நான் சொன்னேன்: “திருவேற்காட்டுக்குப் போயிருக்காரும்மா. பேத்திக்குக் காதுகுத்து.”

“பேத்தி பேரு இன்னா?”

நீ சொன்னதே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “மலர்.” அம்மா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எப்போது போனாலும் கேட்பார்கள். நானும் சொல்வேன். மலர் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். பெரியவருக்குக் கண்புரை எடுத்தார்கள். மலருக்குக் கல்யாணம் ஆனது.

போன ஆண்டு அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். இனி கேட்க ஆளில்லை. பெரியவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, நடை தளர்ந்துவிட்டது. கதை சொல்கிறவன் நான். எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம். என்னால் முடியவில்லையடா.