ஹெல்சே தீவுக்கு ஆடு ஏற்றும் நாள்

1951 மார்ச் 12, திங்கள்

கோழிக்கு இரை போட்டுக்கொண்டிருந்தபோது ரூரி வந்தான். எங்கள் ஊர் மோல்பானுக்கு மேய்ச்சல் தலைவன் அவன்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ரூரி தொப்பியைக் கழற்றினால் நல்ல சேதி கிடையாது.

"மார்சலி, மே மாசம் ஹெல்சேக்கு ஆடு ஏத்தணும். உன் வீட்டுப் பங்கை இந்த வருஷம் கென்லோக் ஊர்க்காரங்களுக்கு விட்டுடலாம்னு..."

ஆடு ஏற்றும் நாளில் எந்த வீட்டுப் படகும் ஆளும் வரவில்லையோ அந்த வீட்டுக்குத் தீவில் புல் இல்லை. அதுதான் எங்கள் வழக்கம். இந்தக் கரையில் பாறையும் சேறும்தான். கோடையில் ஹெல்சேயில் மேயாத ஆடு அடுத்த பனியைத் தாண்டாது. ஆடு போனால் நானும் கிளம்ப வேண்டியதுதான். கிளாஸ்கோவில் தங்கச்சி வீட்டுக்கு, மாடிப்படி ஏறி.

"படகு இருக்கு. ஆளும் இருக்கு" என்றேன்.

"யாரு?"

"நான்தான்."

சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம். "ஆட்டுப் படகுல பொம்பளை துடுப்பு வலிச்சு நான் பாத்ததே இல்ல."

"இந்த வருஷம் பாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. அவன் போன பிறகு கோழிக்கு மிச்ச இரையையும் போட்டேன். பசித்தது. எத்தனை நாளுக்குப் பிறகு பசிக்கிறது!

மார்ச் 13, செவ்வாய்

படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசினேன். நவம்பரில் என் வீட்டுக்காரர் டோர்கில் எடுத்துப்போன படகு. எதிர்க்கரை முர்டோதான் அதைப் பிடித்துக் கட்டி இழுத்து வந்தான். கவிழவில்லை, ஓட்டை இல்லை, தூண்டில் கயிறு சுற்றினபடியே கிடந்தது. அவரை மட்டும் காணோம். எங்கள் கழி கடலோடு சேரும் வாயிலில் என்ன நடந்ததோ. உடம்பு கிடைக்காததால் அடக்கமும் நடக்கவில்லை.

தார் பூசிக்கொண்டே படகைத் திட்டினேன். நீ மட்டும் எப்படித் திரும்பி வந்த? வெக்கமா இல்ல உனக்கு? — பக்கத்து வீட்டு எஃபி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்க இருமி இருமி எலும்பாய்ப் போயிருக்கிறாள்.

"யாருகூடடி சண்டை?"

"படகுகூட."

"ஜெயிச்சுட்டுச் சொல்லு, வர்றேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 18, ஞாயிறு

ஓய்வுநாள். படகைத் தொடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 20, செவ்வாய்

வலித்துவிட்டேன்! தனியாக!

இத்தனை வருஷம் பின்பலகையில் உட்கார்ந்து போயிருக்கிறேன், துடுப்பைத் தொட்டதில்லை. முதலில் ஒரு துடுப்பு தண்ணீரில் விழவே இல்லை, பின்னால் சாய்ந்து ஆட்டுக்குட்டி மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தேன். நல்லவேளை, எஃபி பார்க்கவில்லை.

நடுக்கழிக்குப் போனதும் திரும்பிப் பார்த்தேன். என் வீடு எவ்வளவு சின்னது! பிறந்ததிலிருந்து இந்தக் கழியில் இருக்கிறேன், அது வளைந்து கிடக்கிற விதத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மோல்பானிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை ஸ்டெய்மர் மட்டும்தான் தெரியும். தண்ணீருக்கு நடுவே வந்தால் மலைக்குப் பின்னாலிருந்து கழித்தலை கென்லோக் எட்டிப் பார்க்கிறது, தேவாலயமும் கடையும் ஒட்டிக்கொண்டு. இந்தப் பக்கம் திரும்பினால் வாயிலில் ஹெல்சே, பச்சையாக, அடைப்பான் வைத்த மாதிரி. மூன்று ஊர்ப் புகையையும் ஒரே பார்வையில் பார்த்தேன்.

அவர் தினமும் இதைப் பார்த்தாரா? ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே, மனுஷன்.

ஏப்ரல் 5, வியாழன்

கென்லோக் கடைக்குப் படகிலேயே போய் வந்தேன். மலைப்பாதையில் அரை நாள் ஆகும். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. எரிகிறது. எரியட்டும்.

ஏப்ரல் 17, செவ்வாய்

ஐயோ, இன்றைக்கு நான் செய்தது!

கரையை விட்டுக் கிளம்பும் எந்தப் படகும் முதலில் சூரியன் போகிற பக்கமாக, வலமாக ஒரு சுற்று சுற்றித்தான் புறப்படும். இடமாகச் சுற்றினால் ஒரே அர்த்தம் — இந்தக் கரையில் சாவு விழுந்திருக்கிறது, வாருங்கள். குழந்தைகள்கூட விளையாட்டுக்கு இடமாகச் சுற்ற மாட்டார்கள்.

நானா சுற்றினேன்? நீர்நாய்ப் பாறை முனைக்குப் போனேன், கடல் வற்றும் நேரத்து நீர் இழுத்தது, படகின் மூக்கைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றவிட்டது. இடமாக! ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப! துடுப்பைக் குத்தி எப்படியோ தப்பித்து வீட்டுக்கு வந்து, ஈரப் பாவாடையைக் காயப்போட்டுத் தேநீர் வைத்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் வெளியே பார்த்தால் கழி முழுக்கப் படகு. ஸ்டெய்மர் படகுகள். அவர்களைப் பார்த்துவிட்டுக் கென்லோக் படகுகளும். ஆண்கள் கறுப்புக் கோட்டில், பெண்கள் கறுப்புச் சால்வையில், மடியில் ரொட்டியும் வெண்ணெயும் வேகவைத்த கோழியும். நேராக எஃபி வீட்டுக்குப் போனார்கள். அவள்தானே இருமிக்கொண்டிருந்தவள்!

எஃபி கையில் வாளியோடு கதவைத் திறந்தாள்.

"யாருடா செத்தது?"

முர்டோ தொப்பியை நெஞ்சில் வைத்தபடி நின்றான். "நீதான்னு நெனச்சோம், எஃபி."

"நெனப்பீங்கடா! நான் படுத்துக் கெடந்தப்ப ஒருத்தன் எட்டிப் பாக்கல. செத்தேன்னதும் கோழியோட வந்துட்டீங்களா? அந்தக் கோழியை இப்படிக் குடு."

சிரிப்பு. பெண்கள் சால்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்கள். நான் போய், "சுத்தினது நான்தான், தண்ணி இழுத்துடுச்சு" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

முர்டோ மெதுவாகச் சொன்னான்: "வந்தது வந்துட்டோம். டோர்கிலுக்குன்னு நாம ஒண்ணுமே செய்யல."

என் வீட்டுக்கு வந்தார்கள். பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். முர்டோ வேதாகமத்திலிருந்து சங்கீதத்தை வரி வரியாக எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்னால் பாடினார்கள். குரல் அலை மாதிரி ஏறி ஏறி இறங்கியது. நவம்பரிலிருந்து அழாதவள் இன்றைக்கு எஃபி தோளில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். அவர் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் கதைகள் இவ்வளவு இருக்கிறதா! எனக்கே தெரியாததெல்லாம்.

தூக்கம் வரவில்லை. துக்கத்தால் இல்லை. திருவிழா முடிந்த வீடு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 18, புதன்

ரூரி வந்தான். தொப்பி கையில்.

"வெறும் படகையே பாறை முனையில உன்னால நிறுத்த முடியல. ஆடு ஏத்தினா? வேணாம் மார்சலி. கழி உன் வீட்டுல ஒண்ணை எடுத்தது போதும்."

"இன்னும் நாள் இருக்கு" என்றேன். கோபம் கோபமாக வந்தது. அவன் சொன்னது சரி என்பதால்தான்.

ஏப்ரல் 27, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! பாறையைப் பார்க்கக் கூடாது, பாசியைப் பார்க்க வேண்டும். பாறையடியில் வளர்ந்த நீளப் பாசி எந்தப் பக்கம் தலை சாய்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நீர் ஓடுகிறது. பாறைக்கும் இழுப்புக்கும் நடுவே ஓர் இடத்தில் மட்டும் பாசி சாயாமல் நேராக நிற்கிறது, சமையலறைத் தரை மாதிரி அசைவே இல்லாத தண்ணீர். அதில் நுழைந்தேன், வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். நம்பாமல் திரும்ப ஒரு தடவை. பிறகு சும்மா ஆசைக்கு.

கத்தினேன். கடல்நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கியது.

மே 23, புதன்

நாளைக்குத்தான். வடமேற்குக் காற்று. ஆட்டைத் தீவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும் — படகைப் பிடிக்க ஒருவர், பாறையில் குதித்து ஆட்டை இழுக்க ஒருவர். யாரைக் கேட்பது? எஃபி வந்தாள். "நான்தான் ஏற்கெனவே செத்தவளாச்சே, எனக்கென்னடி பயம்" என்றாள்.

மே 24, வியாழன்

எழுதக் கை வரவில்லை. தோளே என்னுடையது இல்லை. ஆனாலும் எழுதுவேன்.

ரூரி எங்கள் படகில் கிழட்டு ஆடுகளாகப் பார்த்து ஏற்றினான். "சின்னதெல்லாம் துள்ளும்" என்றான். "என் ஆடுங்களை என் படகுல ஏத்து" என்றேன். முர்டோ எதிர்க்கரைப் படகிலிருந்து கூவினான்: "ஏத்து ரூரி! அவ சுத்தினா நமக்குத்தான் இன்னொரு விருந்து!"

வலமாகச் சுற்றினேன். நன்றாக, பெரிதாக, எல்லாரும் பார்க்க. கிளம்பினோம். நீர்நாய்ப் பாறையில் ரூரி படகு வெளிப்பக்கமாக ஒதுங்கிப் போனது. நான் பாசிக்குள் நுழைந்தேன். "என்னடி செய்ற!" என்று எஃபி கத்தி முடிப்பதற்குள் தாண்டிவிட்டோம். ரூரிக்கு முன்னால்!

வாயிலில் அலை உயர்ந்தது. கொம்பு முளைத்த குட்டி ஒன்று துடுப்புக்கும் படகுக்கும் நடுவே தலையைவிட்டு மாட்டிக்கொண்டது. ஒரு காலால் அதைத் தள்ளுகிறேன், வலிக்கிறேன், எஃபியைத் திட்டுகிறேன், எஃபி என்னைத் திட்டுகிறாள். ஹெல்சேயில் படகைப் பின்பக்கமாகப் பாறையில் ஒட்டிப் பிடித்தேன். எஃபி குதித்தாள்! இருமலும் அவளும்! ஒவ்வொரு ஆடாகக் கம்பளி மயிரைப் பிடித்து மேலே இழுத்தாள். கடைசி ஆடும் ஏறிப் புல்லைக் கண்டதும் வால் தெறிக்க ஓடியது.

அந்தப் புல்! முழங்கால் வரை. என் ஆடுகள் அதில் முகம் புதைத்து நின்றன. ரூரி பக்கத்தில் வந்து நின்றான். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான்.

திரும்பும்போது, கழிக்குள்ளே நெடுந்தூரம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. வாயிலைத் தாண்டிவிட்டோம். போகும்போதும் வரும்போதும். அவர் போன இடம். அங்கே என்ன செய்வேனோ, பார்ப்பேனா, கண்ணை மூடிக்கொள்வேனா என்று இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். ஆட்டுக் கொம்பைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. டோர்கில், கோபமா? — இல்லை. அவராக இருந்தாலும் ஆட்டைத்தான் பார்த்திருப்பார்.

மே 29, செவ்வாய்

மழை விட்டது. துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஸ்டெய்மர் கரையிலிருந்து யாரோ கையைக் குவித்துக் கூவினார்கள்: "மார்சலி படகு! ஓஓ, மார்சலி படகு! கென்லோக் வரைக்கும் ஆள் இருக்கு!"

இத்தனை வருஷமும் எல்லார் வாயிலும் அது டோர்கில் படகுதான். யாருடைய படகைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தேன். கரையில் வேறு படகு இல்லை.

துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனேன்.