ஓரத்தில் பென்சிலால் எழுதியவை

மார்ச் 4
இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நூற்றைம்பது வயதான அந்த ஆங்கிலக் காதல் நாவலைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது இந்த வாரப் பத்திரிகை. இன்னும் அது ஏன் நெஞ்சை விட்டு அகலவில்லை என்று வாசகர்களைக் கேட்டிருக்கிறான் ஆசிரியன் – பரீட்சையில் என் தாளை எட்டிப் பார்த்துத் தேறியவன். எழுதுகிறேன். என் குடும்பத்தைக் கெடுத்ததே அந்தக் கண்ணீர்க் கதைதான் என்று எழுதுகிறேன்.

மார்ச் 5
மூன்று பக்கம் ஆகிவிட்டது. கதை இவ்வளவுதான்: நில அளவையாளன் ஒருவன், தந்தி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்மேல் வீண்பழி சுமத்தி விலகிப்போகிறான். பல வருடம் கழித்து ரயில் நிலையத்தில், அத்தனை பேர் முன்னால் தொப்பியைக் கழற்றி, தன்னோடு வருவாயா என்று கேட்கிறான். இதற்கு உலகமே அழுகிறது. கல்லூரியில் இருபது வருடமாக இதைக் கிண்டல் செய்தே பாடம் நடத்துகிறேன். வீட்டில் என் மனைவி வருடம் தவறாமல் அதே பக்கத்தில் அழுவாள்.

போன மாதம் விருந்தாளிகள் முன்னால் சொன்னேன்: "இவ அழறதுக்கு வெங்காயம் வேண்டாம், இந்தப் புத்தகமே போதும்." எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போனதும் அவள் சொன்னது: "அவன் கடைசியிலயாவது வந்து கேட்டான். நீங்க என்னைக்காவது என்கிட்ட எதையாவது கேட்டிருக்கீங்களா? சொல்லத்தான் செஞ்சிருக்கீங்க."

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 7
அவளே வருவாள். எங்கே போய்விடுவாள்?

மார்ச் 9
அவள் துணிமணியை எடுத்துப்போக மச்சான் வந்தார்.

"திங்கக்கிழமை வக்கீலைப் பாக்கப் போறா, மாப்ளே. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"போகட்டும். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுத் தொலைச்சிருப்பாளே. நீங்க எப்பவும் சரியாவே இருந்து கொன்னுட்டீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் என் பொண்டாட்டிகிட்ட தினம் ரெண்டு தடவை தோக்கறேன். உடம்பு ஒண்ணும் இளைக்கல" என்று தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

அலமாரியில் பாதி காலி. அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

மார்ச் 10
கட்டுரைக்கு மேற்கோள் எடுக்க நாவலைத் தேடினேன். அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. திறந்தால் – என் ஓரக் குறிப்புகளைக் காணோம். 'அசட்டுத்தனம்', 'நம்பும்படி இல்லை', 'பெண்புத்தி' – இருபது வருடப் பென்சில் நக்கலையும் பக்கம் பக்கமாக ரப்பரால் அழித்திருக்கிறாள். என்ன பொறுமை. எவ்வளவு வெறுப்பு.

ரயில் நிலையப் பக்கத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். என் கையெழுத்துதான், கீழே கல்யாணத்துக்கு முந்தைய தேதி: 'இப்படிக் கேட்க எனக்குத் தைரியம் வருமா?'

இதை எழுதியதே எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்திருக்கிறது.

ஐயோ, என்ன பண்ணப் போறேன்? எனக்கு வேற யாரு இருக்கா?

மார்ச் 11
கல்லூரிக்குப் போகவில்லை. போன் செய்தேன்; அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்? விளக்கம்தான் கொடுத்திருப்பேன்.

முழு நாவலையும் படித்தேன், கையில் பென்சில் இல்லாமல். அவன் நல்லவன் என்று யாரும் இதைப் படிப்பதில்லை. அவள் முடியாது என்று சொல்லிவிடலாம். அது தெரிந்தும் தோற்றுப்போய் வந்து நிற்கிறானே, அதற்காகப் படிக்கிறார்கள். நானும் அந்தப் பக்கத்தில் அழுதேன். கேலி செய்யப் பக்கத்தில் ஆளில்லை.

பத்திரிகைக்கு எழுதிய மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 12
வெள்ளி. இன்று கடிதத்தைப் போட்டால் நாளை அவள் கைக்குப் போய்ச் சேரும். ஒரே வரிதான்: 'வருவாயா? முடியாது என்றும் சொல்லலாம்.' பென்சிலில் எழுதினேன். வேண்டாமென்றால் அழித்துவிடட்டும், ரப்பர் அவளிடம்தான் இருக்கிறது.

கீழே பெயர் போடக் கை போனது – பட்டத்தோடு சேர்த்துப் போட்டே பழகிய கை. நிறுத்திவிட்டேன். இந்தக் கிறுக்கலை அவளைவிட அதிகம் படித்தவர் யார்? பெயரில்லாமலே தபாலில் போடப் போகிறேன்.