அக்காவின் கதவுக்கு முன்னால் ஒரு வேலி

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஹந்தானை ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை நின்று நின்று ஏறியது. வேலை: நீச்சல்குளத்து வேலிக்கு அளவெடுப்பது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பட்டறைக்கு இப்படி ஓர் ஓடர் இதுவே முதல் தடவை. இதுவரை கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி.

அக்கா வேலைக்கு இருக்கும் வீடு அது. டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் ஐயாவுடையது. நம் ஆட்கள்தான். அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவும் எங்களுடையவரும் இந்தியாவிலிருந்து ஒரே கப்பலில் வந்திருக்கலாம். அவர் டவுனில் கடை போட்டார், எங்களுடையவர் கலஹா தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டம்மா எங்களைப் பற்றிப் பேசினால் “தோட்டத்து ஆளுங்க.”

அக்காவின் மகள் ஷாலு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். இன்னும் மூன்று வயது ஆகவில்லை. “மாமா, கடல் வரப்போவுது!” நீல டைல் பதித்த வெறும் குழியைக் காட்டினாள். கடல் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

ஐயாவின் மகள் சிட்னியில். சின்னப் பையனோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வீட்டு நீச்சல்குளத்துக்கு வேலி அங்கே சட்டமாம். விதிகளை ரசீன் நானாவின் (பட்டறை அவருடையது) ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறாள். நல்ல விதிகள், எழுதிவைக்கிறேன்:

உயரம் 1200 மி.மீ.க்குக் குறையக் கூடாது.
கம்பி எல்லாம் நெட்டுக்குத்தாக. குறுக்குக் கம்பி பிள்ளைக்கு ஏணி.
இடைவெளி 100 மி.மீ.க்குள். அடியிலும் அப்படியே.
கேட் தண்ணீர்ப் பக்கம் திறக்கக் கூடாது. கையை விட்டால் தானே மூடி, தானே கொண்டி விழ வேண்டும். கொண்டி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில்.
பக்கத்தில் பூச்சட்டி, கதிரை எதுவும் ஆகாது. ஏறிவிடும்.
வீட்டுக் கதவு எதுவும் நேரே குளத்துப் பக்கம் திறக்கக் கூடாது.

கடைசி விதியைப் படித்துவிட்டு வீட்டுப் படத்தைப் பார்த்தேன். வேலிக்கோடு சமையலறை மூலையில் தொடங்கி, புல்தரை ஓரமாகப் போய், மதிலில் முடிகிறது. அக்காவும் ஷாலுவும் இருக்கும் அறை சமையலறைக்குப் பின்னால். இரண்டு கதவு. ஒன்று சமையலறைக்குள். மற்றது வெளியே, நேரே குளத்துக்கு. அவர்களுடைய கக்கூஸ் வெளியே என்பதால் அந்தக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். வேலி பெரிய வீட்டைத் தண்ணீரிலிருந்து பிரிக்கிறது. அக்காவையும் ஷாலுவையும் தண்ணீரோடு சேர்த்து உள்ளே விடுகிறது.

படத்தில் அந்த அறைக்குப் பெயர்: ஸ்டோர்.

ஜூலை 9, செவ்வாய்

மழை இல்லை, குளிர்.

நானாவிடம் சொன்னேன். “நாம அடிக்கிற ஆக்கள் மவன். கோடு கீறுற ஆக்கள் அவங்க.” பிறகு தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, “மொதல்ல ஒங்கட அக்காகிட்ட கேளு.”

சாயங்காலம் போய்க் கேட்டேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாயத் தொறக்காத தம்பி. புள்ளையோட போனா எவன் வேல குடுத்தான்? போன எடமெல்லாம் ‘புள்ளைய விட்டுட்டு வா’ன்னாங்க. இவங்க ஒருத்தருதான் சரின்னாங்க. நீ போயி ‘புள்ளைக்கு ஆபத்து’ன்னு ஒரு வார்த்த சொல்லு. ‘அப்ப தோட்டத்துக்கு அனுப்பிரு’ன்னுதான் வரும் பதிலு. அங்க யாரு இருக்கா? நீ வச்சிக்குவியா?”

உண்மை. அம்மா குவைத்தில், எவனோ ஒருவனுடைய பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு. அத்தான் கொழும்பில் ஹோட்டல் வேலை, தீபாவளிக்கு மட்டும் முகம் காட்டுவார். நான் பட்டறை மாடியில், மூன்று பேரோடு, பாயில்.

“வச்சிக்குவேன்.”

“ஆமாமா, வெல்டிங் பொறிக்கு நடுவுல தொட்டில் கட்டு.” சிரித்தாள். கண்ணீர் வெங்காயத்தினால்தான் என்று வைத்துக்கொண்டோம்.

கொழுந்தெடுக்கப் போகிற பெண்ணுக்குத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்காம்பரா உண்டு. கூரை ஒழுகும், பால் தண்ணீராக இருக்கும், ஆனாலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். தோட்டத்தை அவ்வளவு திட்டியிருக்கிறேன். இந்த வீட்டில் மாடியில் மட்டும் குளியலறை மூன்று. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

ஜூலை 11, வியாழன்

பலத்த காற்று. பட்டறைத் தகரம் ஒன்று கழன்றது.

வேலித் துண்டுகள் பெயின்ட் சூளைக்குக் குருணாகல் போயிருக்கின்றன. கலகெதரைப் பக்கம் மரம் விழுந்து பாதை அடைப்பு, ஞாயிறுக்கு முன் வராது. ஐயாவுக்கு நானா ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது:

“பரவால்ல, வேலி மெதுவா வரட்டும். தண்ணி நாளைக்கே விட்டுருவோம். ஆடி பொறக்கப் போகுது. ஆனியில மிச்சம் இருக்கிற நல்ல நேரம் நாளைக்குக் காலையிலதான்னு ஐயர் சொல்லிட்டார்.”

“வேலி அடிச்சிட்டுத் தண்ணி விட்டா நல்லம்தானே ஐயா?”

“வேலிக்கு எதுக்கு நானா நேரம் காலம்? அது எப்ப வேணா அடிக்கலாம்.”

ஃபோனை வைத்துவிட்டு நானா என்னைப் பார்த்தார். “ஒங்கட ஆக்கள்ட பஞ்சாங்கத்துல புள்ளைகளுக்கு ஒரு பக்கமும் இல்லியா?”

கழன்ற தகரத்தை ஆணியடிக்கப் போனேன்.

ஜூலை 12, வெள்ளி

பளிச்சென்று வெயில். அவர்களுக்கு வெயில்கூட நேரம் பார்த்து வருகிறது.

தண்ணீர் பவுசர்கள் வரிசையாக. தேங்காய், மஞ்சள் தண்ணீர், சாமந்தி. எங்கள் தோட்டத்து லயத்தில் குழாயில் தண்ணீர் வந்தாலே போதும், பூசை தேவையில்லை.

குளம் நிரம்பியதும் அக்காவின் அறைக்குப் போனேன். ஷாலுவின் இடுப்பில் பழைய சேலை. மறுமுனை கட்டில் காலில். வாசற்படி வரைக்கும் நீளும், அதற்கு மேல் நீளாது.

“என்னாக்கா இது?”

“கட்டாம என்னா செய்யச் சொல்ற? கண்ணு அடுப்புல இருக்கு, மனசு இங்க இருக்கு. ஒன்னையும் அம்மா இப்பிடித்தான்டா கட்டிப்போட்டா. நீ அறுத்துக்கிட்டு ஓடுன.”

ஷாலுவுக்கு வருத்தமே இல்லை. நாலு காலில் நின்று, “மாமா, நான் மாடு. புல்லுக் குடு” என்றாள். பக்கத்தில் கிடந்த கீரைத் தண்டைக் கொடுத்தேன். மென்று துப்பினாள்.

முடிச்சைத் தடவிப் பார்த்தேன். தோல் உரசாமல் இருக்க அக்கா உள்ளே துவாயை மடித்து வைத்திருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

ஜூலை 13, சனி

வயிற்றுவலி என்று நானாவிடம் பொய் சொன்னேன். “வயித்துவலிக்கு ஹந்தானக் காத்து நல்லமாம். பெய்த்து வா” என்றார்.

போய்ச் சேலையின் மறுமுனையைக் கட்டில் காலிலிருந்து அவிழ்த்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரே சேலையில். கொய்யா மரம் வரை. கோழிக்கூடு வரை. குளத்தின் ஓரமும் ஒரு தடவை, கையைப் பிடித்துக்கொண்டு. எட்டிப் பார்த்தாள். “உள்ள ஒரு பாப்பா.” “அது நீதான்.” நம்பவில்லை. அந்தப் பாப்பாவுக்கு டாட்டா காட்டினாள்.

மத்தியானம் என் மடியிலேயே தூக்கம். உச்சந்தலையில் நல்லெண்ணெய் வாசனை. கால் மரத்துப்போனது. அசையவில்லை.

வீட்டம்மா மாடியிலிருந்து: “சுமதி, தம்பி வந்தா சாப்பாடு குடுத்து அனுப்பு.” மோசமான மனுஷி இல்லை. அதுதான் சிக்கல். மோசமானவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

ஜூலை 14, ஞாயிறு

மந்தாரம். விடியவே வேலித் துண்டுகள் வந்தன. நாள் முழுக்கத் துளை போட்டு, தூண் நிறுத்தி, சீமெந்து ஊற்றி. முதுகு போயிற்று.

சிட்னி மகளும் பையனும் வந்து சேர்ந்தார்கள். பையனுக்கு நாலு வயது இருக்கும், சுருட்டை முடி. அவள் பெட்டியைக்கூட இறக்காமல் வேலியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். இரண்டு கம்பிக்கு இடையில் முஷ்டியை விட்டுப் பார்த்தாள். “நல்லா செஞ்சிருக்கீங்க” என்றாள். நானாவுக்குச் சந்தோஷம். பொய் சொல்லக் கூடாது, எனக்கும்தான்.

வீட்டம்மா அக்காவிடம் மெதுவாக: “மக இருக்கிற நேரம் புள்ளையக் கட்டிப்போடாத சுமதி. பாத்தா என்ன நெனப்பா?”

ஜூலை 15, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நானா பிடிக்க, கேட்டின் ஸ்பிரிங் பிணைச்சலை முறுக்கிக்கொண்டிருந்தேன். பையனைக் காணோம் என்று வீட்டுக்குள் குரல். யாரும் பதறவில்லை. “வேலிதான் இருக்கே” என்றார் ஐயா. மாடியில் தேடினார்கள், அலுமாரிக்குள் தேடினார்கள். நான் தற்செயலாகக் கம்பிகளுக்கு ஊடே பார்த்தேன். ஷாலுவும் அவனும். குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கால்கள் தண்ணீரில். அவன் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்ற, அவள் குனிந்து கையை நீட்டி…

கேட்டைத் திறக்கத் தோன்றவில்லை. வேலியைத் தாண்டினேன். இரண்டு பேரையும் இரண்டு அக்குளில் இடுக்கித் தூக்கினேன். அவன் இங்கிலீசில் கத்தினான், அவள் தமிழில். இரண்டு பேரும் என்னைத்தான் திட்டினார்கள்.

சிட்னி மகள் வெறுங்காலோடு ஓடிவந்தாள். பையனைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். அவன் சமையலறை வழியாக அக்காவின் அறைக்குள் போய், அந்தக் கதவால் வெளியே வந்திருக்கிறான்.

“அது என்ன ரூம்?”

“ஸ்டோர்” என்றார் ஐயா.

“ஸ்டோர்ல எதுக்குப்பா கட்டில்?”

“நானும் பாப்பாவும் இருக்கிறதும்மா” என்றாள் அக்கா. மன்னிப்புக் கேட்கிற குரல்.

வீட்டம்மா: “இப்பவே அந்தக் கதவ ஆணியடிச்சு மூடுங்க.”

அதற்கு மேல் முடியவில்லை. “அப்ப எங்கக்கா கக்கூசுக்கு எங்கங்க போறது? மாடிக்கா?” என்றேன். நானா தன் செருப்பைப் பார்த்தார். வீட்டம்மாவின் முகம் சிவந்தது.

மகள்தான் பேசினாள். “வேலியத் திருப்பணும். இந்த ரூமும் அந்த டொய்லட்டும் வேலிக்கு வெளிய வரணும்.” ஷாலுவுக்காகச் சொல்லவில்லை, தன் பையனுக்காகச் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.

ஐயா: “திருப்பலாம். நாளையோட ஆனி முடியுது. ஆடியில புதுசா ஒன்னும் தொடங்க வேணாம், ஆவணி பொறந்ததும் பாப்போம். அதுவரைக்கும் அந்தப் புள்ள தோட்டத்துல இருக்கட்டும்.”

வேலிக்கு நேரம் காலம் இல்லை என்று சொன்ன அதே வாய்.

அக்கா ஷாலுவின் ஈரக் கால்களை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் துடைத்தாள்.

ஜூலை 16, செவ்வாய்

விடிந்தும் விடியாமலும் அக்காவின் ஃபோன். “ஒரு தூணும் அலவாங்கும் எடுத்துக்கிட்டு வா. வந்து நீ ஒன்னும் பேசாத. பேசுனா எல்லாம் கெட்டுரும்.”

தூறலில் தூணைப் பஸ்ஸில் ஏற்றினேன். சிங்களக் கண்டக்டர் தம்பி முறை வைத்து, “என்ன மல்லி, தூக்கு மரமா?”

அக்கா குளித்து, தலையில் துண்டோடு நின்றாள். அறைக்கு முன்னால் ஓர் இடத்தில் கோலமாவால் வட்டம் போட்டிருந்தாள். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், மாவிலை, கற்பூரம். நான் அலவாங்கால் குழி தோண்டி முடித்ததும் வீட்டம்மாவைக் கூப்பிட்டாள்.

“அம்மா, கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டுட்டா வேல தொடங்குன கணக்குதானே? அப்பறம் நிறுத்தக் கூடாதுன்னுதானே சொல்லுவாங்க?”

“ஆமா. அதுக்கென்ன?”

“இன்னக்கி ஆனிதானேம்மா. ஒத்தக் கால் நட்டுருவோம். மிச்ச வேல ஆடியில நடந்தா அது புது வேல இல்ல, தொடங்குன வேல. ஒங்க பேரப்புள்ளைக்குக் காவலா நிக்கிற கால். ஒங்க கையாலதான் குங்குமம் வைக்கணும்.”

வீட்டம்மா தூணைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். திறந்தபோது ஷாலு பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியிலும் கொஞ்சம் வைத்தார்.

ஐயா கடைக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டு, “யாரு நட்டது இது?”

“நான்தான். பந்தக்கால் மாதிரி. புடுங்கக் கூடாது” என்றார் வீட்டம்மா.

ஐயா வண்டியில் ஏறினார். தோட்டத்துக்கு அனுப்புவது பற்றி இன்று யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு இந்த நேரம் காலத்தில் ஒரு துளி நம்பிக்கை கிடையாது. அக்காவுக்கு உண்டு. அதனால்தான் அவளுக்கு வழி தெரிந்தது, எனக்கு ஆத்திரம் மட்டும் வந்தது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: தன் பிள்ளையைக் காப்பாற்ற அவள் அவர்களுடைய பிள்ளையின் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது.

நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். “ஒங்கட அக்காவ நம்மட பட்டறைக்கு எடுப்பம் மவன். ஒன்னய அடுப்படிக்கு அனுப்புவம்.”

ஜூலை 19, வெள்ளி

ஆடி மழை. தார்ப்பாய் பிடித்துக்கொண்டு வெல்டிங். மிச்சத் தூண்கள், மிச்சக் கம்பி, கடைசியாகச் சின்ன கேட். இப்போது அக்காவின் வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வேலி. வாசல், கொடிக்கயிறு, கக்கூஸ், கொய்யா மரம் எல்லாம் இந்தப் பக்கம். கேட்டை விட்டுப் பார்த்தேன். தானே மூடியது. கொண்டி விழுந்த சத்தம் நன்றாக இருந்தது, திரும்பத் திரும்பத் திறந்து விட்டேன். அக்கா, “தேஞ்சிரும்டா, விடு” என்றாள்.

ஷாலு சோதனை போட்டாள். முதலில் கேட்டைத் தள்ளினாள். அசையவில்லை. கம்பியில் காலை வைத்தாள், வழுக்கியது. குனிந்து அடியில் பார்த்தாள். முகத்தை இரண்டு கம்பிக்கு நடுவில் அழுத்தினாள். கன்னம் மட்டும் பிதுங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம், குளத்தோரம் நின்ற என்னைப் பார்த்து, “மாமா, தொற” என்றாள்.

“மாட்டேன்.”

“தொற!”

“மாட்டேன்டா தங்கம்.”

உதடு கோணியது. திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கொய்யா கொடுத்தேன், வாங்கவில்லை. டாட்டா காட்டினேன், பார்க்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே கம்பிக்கு ஊடே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபத்தில் மூச்சு வாங்குகிறாள், தோள் ஏறி இறங்குகிறது. இறங்கட்டும், ஏறட்டும்.