பாஸில் இருந்த பழைய முகம்

வீரபாண்டி, திருப்பூர்
12.7.1996

அக்காவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

கம்பெனி வாசலில் புது வாட்ச்மேன் என் பாஸில் ஒட்டியிருந்த பழைய போட்டோவைப் பார்த்து, "ஏனுங்க, இது உங்க அண்ணனுங்களா?" என்றார். "நான்தான்" என்று சிரித்தேன். மேஸ்திரி வந்து சொன்ன பிறகுதான் விட்டார். மூன்று வருடமாகச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையில் தோல் மிருதுவாகி, கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்திருக்கிறது. கூட இருந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் எனக்கே தெரியவில்லை.

என் பழைய படத்துக்கு நீ மாலை போட்டுவிட்டதாக ஊரிலிருந்து வந்த குருசாமி சொன்னான். ஐம்பத்தைந்து வயதில் உங்கள் வசதிக்காக நான் சாக முடியாது. மாலையைக் கழற்றிவிட்டு, இந்தக் கவரில் வைத்திருக்கும் புதுப் படத்தை மாட்டு.

சீயக்காய்த்தூள் கொஞ்சம் அனுப்பு. பழைய பெயரில் பார்சல் வந்தால் வாங்க மாட்டேன். கம்பெனியில் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போகிறேன்.

உன் தங்கை,
செல்லக்கனி